நோயாளியின் கூடவே இருப்பவரிடம் யார் கேட்கிறார்கள்?

இங்கிலாந்து மருத்துவமனைகளில், படுத்திருக்கும் நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்ற மருத்துவர் அமைப்பு 2012ல் கொண்டுவந்த இந்த முறையின் பெயர் ‘நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்’, சுருக்கமாக ‘நியூஸ்’ என்பார்கள். மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பி.பி., நாடித்துடிப்பு, சுயநினைவு, உடல் சூடு ஆகிய ஆறுக்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். மொத்தம் 5 வந்தால் அவசரம். 7 வந்தால் டாக்டர் குழு உடனே படுக்கைக்கு ஓடி வர வேண்டும். 2017 டிசம்பரில் இதைத் திருத்தியபோது சுயநினைவு என்ற தலைப்பின் கீழ் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். அதுவரை தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்பிப் பேச ஆரம்பித்தால் அதற்கு மட்டுமே 3 மதிப்பெண். கிருமித் தொற்று உடம்பு முழுக்கப் பரவத் தொடங்கும்போது பல முதியவர்களிடம் முதலில் தென்படுவது இந்தக் குழப்பம்தான். காய்ச்சல் அப்புறம்தான் வரும், சிலருக்கு வராமலேயும் போகும்.

மூச்சைக் கடிகாரம் பார்த்து எண்ணிவிடலாம். பி.பி.யையும் ஆக்சிஜனையும் கருவி காட்டிவிடும். புதிதாக வந்த குழப்பத்தைக் காட்ட எந்தக் கருவியும் கிடையாது. அந்த மனிதர் நேற்று எப்படி இருந்தார் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் அது தெரியும். டாக்டர் காலையில் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். நர்ஸ் மாத்திரை, டிரிப், கம்ப்யூட்டர் என்று ஓடிக்கொண்டிருப்பார். முகம் கழுவிவிட்டு, சட்டை மாற்றி, டீயை ஆற்றிக் கொடுத்து, பேத்தி வந்து போனதைப் பற்றி நாலு வார்த்தை பேசியவர் செவிலிய உதவியாளர். அங்கே அவரை ஹெல்த்கேர் அசிஸ்டென்ட் என்கிறார்கள். சம்பளப் பட்டியலில் கிட்டத்தட்ட அடிமட்டத்தில் இருப்பவர்.

செவிலிய உதவியாளர்களின் பணித் திருப்தி என்றதும், அது மனிதவளப் பிரிவு ஆண்டுக்கு ஒருமுறை படிவம் கொடுத்து விசாரிக்கிற விஷயம் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னால் அப்படிப் பார்க்க முடியவில்லை. “சிஸ்டர், அந்தத் தாத்தா இன்னைக்கு ஒரு மாதிரியா இருக்காரு” என்று ஒரு உதவியாளர் வாய் திறந்து சொல்வதும், சொன்னால் காதில் போட்டுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருப்பதும் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடிய விஷயங்கள். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் வேலையில் திருப்தியும் இருக்காது. இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகின்றன.

இங்கிலாந்து இதைக் கற்றுக்கொண்டது ஒரு பெரிய அவமானத்தின் வழியாக. ஸ்டாஃபர்ட் என்ற ஊரின் மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் மலமூத்திரத்தில் மணிக்கணக்கில் கிடந்தார்கள். தண்ணீர் கை எட்டாத தூரத்தில் இருந்தது, ஊட்டிவிட ஆளில்லாமல் சாப்பாட்டுத் தட்டு அப்படியே திரும்பிப் போனது. ராபர்ட் ஃபிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் நடத்திய பொது விசாரணையின் அறிக்கை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு வெளியானது. செலவைக் குறைக்க ஆட்களைக் குறைத்ததும், புகார் சொன்ன ஊழியர்களை ஓரங்கட்டியதும், நிர்வாகம் கணக்கிலேயே கண்ணாக இருந்ததும் அதில் விரிவாக வந்தன.

அதைத் தொடர்ந்து, பதிவு பெற்ற நர்சாக இல்லாமல் நோயாளியைத் தொட்டுப் பராமரிப்பவர்களைப் பற்றி மட்டும் ஆராயும்படி பத்திரிகையாளர் கமிலா கேவண்டிஷிடம் அரசு பொறுப்பைக் கொடுத்தது. அவருடைய அறிக்கை அதே ஆண்டு ஜூலையில் வந்தது. மருத்துவமனை, முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து இப்படிப்பட்டவர்கள் 13 லட்சம் பேருக்கு மேல். நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்கள் இவர்கள். ஆனால் தனியாக ஒரு நோயாளியின் பக்கத்தில் விடுவதற்கு முன் இவர்களுக்கு இவ்வளவு பயிற்சி தர வேண்டும் என்று நாடு முழுவதற்குமான ஒரு குறைந்தபட்ச வரையறைகூட அதுவரை இல்லை. பதவிப் பெயர்களும் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வேறு. எதிரே நிற்பவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய அனுமதி உண்டு என்று நோயாளிக்கும் தெரியவில்லை, சில சமயம் கூட வேலை செய்யும் நர்சுக்கும் தெரியவில்லை. 2015 ஏப்ரலில் 15 தரநிலைகள் கொண்ட ‘கேர் சர்டிஃபிகேட்’ நடைமுறைக்கு வந்தது இந்த அறிக்கையின் விளைவுதான். நல்ல தொடக்கம். ஆனால் சான்றிதழ் கையில் வந்துவிட்டதால் வார்டுக்குள் ஒருவருடைய இடம் தானாக மாறிவிடுவதில்லை.

வார்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பியாட்ரிஸ் காலிஷ் அளவுக்குப் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தவர்கள் குறைவு. செய்ய வேண்டிய பராமரிப்பில் எதெல்லாம் விட்டுப்போகிறது என்று அவர் நர்சுகளிடமும் உதவியாளர்களிடமும் உட்கார்ந்து கேட்டார். 2006ல் வெளியான அந்த ஆய்வில், வழக்கமாக விட்டுப்போகிற ஒன்பது வேலைகளின் பட்டியல் இருக்கிறது. நடக்கவைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, நேரத்துக்குச் சாப்பாடு கொடுப்பது, உடல் சுத்தம், எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது எவ்வளவு வெளியே வந்தது என்ற கணக்கு, ஆறுதலாகப் பேசுவது ஆகியவையும் அதில் உண்டு. பட்டியலைப் பார்த்தாலே புரியும், இதில் பெரும்பகுதி உதவியாளரின் கை படும் வேலை. ஏன் விட்டுப்போகிறது என்ற கேள்விக்கு, ஆள் போதவில்லை என்பதோடு வேறு பதில்களும் வந்தன. அவற்றில் இரண்டு இங்கே முக்கியம். குழுவாக வேலை நடப்பதில்லை, வேலையை ஒப்படைக்கும் விதம் சரியில்லை.

பிறகு 2010ல் காலிஷும் சக ஆய்வாளர்களும் 5 மருத்துவமனைகளின் 80 வார்டுகளில் 3,675 செவிலியப் பணியாளர்களிடம் பணித் திருப்தியையும் குழுப்பணியையும் சேர்த்து அளந்தார்கள். குழுப்பணி நன்றாக இருக்கிறது, ஆட்கள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்று சொன்னவர்கள், இப்போதைய வேலையிலும் சரி, இந்தத் தொழிலில் இருப்பது குறித்தும் சரி, அதிகத் திருப்தியோடு இருந்தார்கள்.

இது எண்ணிக்கையாகக் கேட்கும்போது சாதாரணமாகத் தெரியும். ஒரு காட்சியாகப் பார்த்தால்தான் உறைக்கும். எழுந்திருக்க முடியாத நோயாளியை இரண்டு மணி முதல் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோளையும் இடுப்பையும் பிடித்துத் தன் பக்கம் சாய்க்க, இன்னொருவர் முதுகைப் பார்த்து, ஈரத் துணியை உருவி, தலையணையைச் செருகி, சிறுநீர்க் குழாய் தொடைக்கு அடியில் மாட்டிக்கொள்ளாமல் எடுத்துவிட வேண்டும். தனியாகச் செய்தால் நோயாளியின் தோல் உரியும், செய்பவரின் முதுகு போகும். காலை மாத்திரை நேரத்தில் பல ஆங்கிலேய வார்டுகளில் நர்ஸ் ஒரு சிவப்பு மேலங்கி போட்டிருப்பார், ‘தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று அதில் எழுதியிருக்கும். மருந்து மாறிப்போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நியாயமானதுதான். உதவியாளர் அந்த மேலங்கியைப் பார்த்துவிட்டு இன்னொரு உதவியாளரைத் தேடுவார். அவர் அடுத்த அறையில், மறதி நோயால் படுக்கையை விட்டு எழுந்து ஓடப் பார்க்கும் ஒருவரை விட்டு நகர முடியாமல் உட்கார்ந்திருப்பார். சரி, பத்து நிமிஷம் கழித்துப் பார்க்கலாம் என்று கிளம்புவார். அதற்குள் வேறு மூன்று நோயாளிகளின் அழைப்பு மணி ஒலித்துவிடும். மதியம் பார்த்தால் புரட்டாமலே இருக்கும். சார்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்து யாராவது கேட்பார்கள், அவரிடம்தான் கேட்பார்கள்.

மாத்திரைச் சுற்றைத் தொடங்கும் முன், “இந்த ஆறு படுக்கையில் யாரைப் புரட்டணும்? வாங்க, முதல்ல அதை முடிச்சிடுவோம்” என்று நர்ஸ் கேட்கிற வார்டும் இருக்கிறது. ஆள் எண்ணிக்கை அதேதான், நேரமும் அதேதான். அங்கே வேலை செய்யும் உதவியாளர் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது உடம்பு வலி இருக்கும், மனக்கசப்பு இருக்காது.

குழுப்பணி எங்கே முறிகிறது என்பதை இதே துறையின் ஆய்வுகள் இன்னும் நுணுக்கமாகச் சொல்கின்றன. முதலாவது, ஒரு உதவியாளருக்குப் பல எஜமானர்கள். ஆறு படுக்கை ஒரு நர்சுக்கு, அடுத்த ஆறு இன்னொரு நர்சுக்கு, உதவியாளர் மட்டும் எல்லோருக்கும் பொது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், தன்னுடையதுதான் அவசரம் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். யாருக்கு முதலில் போவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் உதவியாளரிடம் இல்லை, தீர்மானம் தப்பானால் திட்டு மட்டும் அவருக்கு.

அப்புறம் ஹேண்ட்ஓவர். இரவு ஷிஃப்டு முடிந்து காலை ஷிஃப்டு தொடங்கும்போது நர்சுகள் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லிக் கைமாற்றுவார்கள். பல வார்டுகளில் அந்த அரை மணி நேரம் மணி அடித்தால் போய்ப் பார்ப்பது உதவியாளரின் வேலை. யாரை எழுப்பி நடக்கவிடக் கூடாது, யாருக்கு விழுங்கச் சிரமம் இருக்கிறது, யாருக்கு நேற்றிரவு கெட்ட செய்தி சொல்லப்பட்டது என்பதையெல்லாம் கேட்காமலே அவர் நோயாளியிடம் போக வேண்டியிருக்கும். தன் நோயின் முடிவை நேற்றிரவு தெரிந்துகொண்ட ஒரு பெண்ணிடம், அது தெரியாமல், “இன்னைக்கு எப்படி இருக்கீங்க? சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்” என்று சிரித்தபடி திரையை விலக்குகிற நிலைமைக்கு ஒருவரைத் தள்ளுவது கொடுமை. இரண்டு பேருக்குமே கொடுமை.

மூன்றாவது, சொன்னதற்குப் பதில் வராதது. “பன்னிரண்டாம் படுக்கை அம்மா தண்ணியே குடிக்கலை” என்று உதவியாளர் சொல்கிறார். நர்ஸ் தலையாட்டுகிறார். அதற்குப் பிறகு டாக்டரிடம் சொன்னாரா, டிரிப் போடப் போகிறார்களா, ஒன்றும் தெரியாது. இப்படிப் பலமுறை ஆனால் மனிதர் சொல்வதை நிறுத்திவிடுவார். சொல்வதை நிறுத்தியவரைச் சோம்பேறி என்று எழுதிவைப்பார்கள். “டாக்டரிடம் சொல்லிட்டேன், மூணு மணிக்கு வரேன்னாங்க, அதுவரைக்கும் மணிக்கு ஒருதரம் ரெண்டு வாய் கொடுத்துப் பாருங்க” என்ற ஒரு பதில் எத்தனையோ பாராட்டுச் சான்றிதழ்களைவிட மேல்.

இங்கிலாந்தின் பொதுச் சுகாதார ஊழியர் கருத்தாய்வுகளை வைத்து உளவியலாளர் மைக்கேல் வெஸ்ட் செய்த ஆய்வுகள் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தன. ‘நீங்கள் குழுவாக வேலை செய்கிறீர்களா’ என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்றார்கள். ‘உங்கள் குழுவுக்குத் தெளிவான இலக்கு உண்டா, ஒருவரையொருவர் நம்பி வேலை செய்கிறீர்களா, எப்படி நடக்கிறது என்று கூடிப் பேசுகிறீர்களா’ என்று கேட்டபோது, மூன்றுக்கும் ஆமாம் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. உண்மையான குழுக்கள் அதிகமாக இருந்த மருத்துவமனைகளில் தவறுகளும் ஊழியர் காயங்களும் குறைவாக இருந்தன, நோயாளிகளின் இறப்பும் குறைவாக இருந்தது.

குழு உணர்வு, மரியாதை என்று மட்டும் பேசிச் சம்பளத்தை மறந்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் 2004 முதல் பொது மருத்துவமனை ஊழியர்களின் சம்பளம் ‘பேண்ட்’ எனப்படும் படிநிலைகளில் இருக்கிறது. குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது போன்ற வேலைக்கு பேண்ட் 2. ரத்தம் எடுப்பது, நாடி, பி.பி. பார்ப்பது போன்ற மருத்துவ வேலைகளையும் வழக்கமாகச் செய்தால் பேண்ட் 3. 2021ல் இந்த வேலை விவரங்களைத் தெளிவுபடுத்தி எழுதினார்கள். எழுதியதும் ஆயிரக்கணக்கான உதவியாளர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. பல ஆண்டுகளாக பேண்ட் 3 வேலையைச் செய்துகொண்டு பேண்ட் 2 சம்பளம் வாங்கிவந்திருக்கிறார்கள். வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 பவுண்டு வரை. யூனிசன் தொழிற்சங்கம் இதைக் கையிலெடுத்தது. பல மருத்துவமனைகள் பேச்சுவார்த்தையிலேயே பேண்டை உயர்த்திவிட்டன. லிவர்பூலுக்கு அருகே ‘விர்ரல்’ (Wirral) என்ற பகுதியில் 2023ல் நூற்றுக்கணக்கான உதவியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எத்தனை ஆண்டுக்கான பாக்கியைத் தருவது என்பதில்தான் இழுபறி.

அந்தக் கோபத்தின் அளவு பணத்தால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. ‘நியூஸ்’ மதிப்பெண்ணைப் போடுவது நான், அது 7 ஆனால் ஓடிப்போய்ச் சொல்வது நான், ஆனால் காகிதத்தில் நான் துணி மடிப்பவர் என்றால் யாருக்குத்தான் மனம் பொறுக்கும்? கூட நிற்கும் நர்சுக்கும் அது தெரியும். தெரிந்தும் தினமும் அந்த வேலையை வாங்க வேண்டியிருக்கிறது. வார்டில் இருவருக்கும் நடுவே ஒரு சங்கடம் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உதவியாளர்கள் இவ்வளவு முக்கியம் என்றால் நர்சுகளைக் குறைத்து இவர்களைக் கூட்டிவிடலாமே என்று கணக்குப் போடும் நிர்வாகங்கள் உலகெங்கும் உண்டு. செவிலியத் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கன் தலைமையில் ஆறு ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு அந்தக் கணக்கு எவ்வளவு ஆபத்தானது என்று காட்டியது. ஒவ்வொரு 25 நோயாளிக்கும் ஒரு நர்சை எடுத்துவிட்டு உதவியாளரை வைத்தால், நோயாளி இறக்கும் வாய்ப்பு 21 சதவீதம் கூடுகிறது. இன்னொரு ஆய்வாளரான பீட்டர் கிரிஃபித்ஸின் குழு ஒரு பெரிய ஆங்கிலேய மருத்துவமனையின் 32 வார்டுகளில் 1,38,133 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தது. நர்சுகளின் எண்ணிக்கை அந்த வார்டின் சராசரிக்குக் கீழே போன ஒவ்வொரு நாளும் இறப்பு அபாயம் 3 சதவீதம் கூடியது. உதவியாளர்கள் சராசரிக்குக் கீழே போன நாட்களில் 4 சதவீதம் கூடியது. ஆனால் உதவியாளர்களை மேலும் மேலும் சேர்த்தால் அபாயம் அதே மாதிரி குறைந்துகொண்டே வரவில்லை. ஒருவருக்குப் பதிலாக இன்னொருவரை நிறுத்த முடியாது, இருவரும் வேண்டும். உதவியாளரை நர்சுக்கு மாற்றாகக் கொண்டுவரும் வார்டில் இரண்டு தரப்புக்கும் பகைதான் மிஞ்சும். தன் வேலையைப் பறிக்க வந்தவரோடு யாரும் குழுவாக முடியாது.

இந்தப் பேச்சில் தமிழர்களுக்கு நேரடிப் பங்கு உண்டு. லண்டன் வார்டுகளில் உதவியாளராக வேலை செய்யும் ஈழத்தமிழர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் போகும் நர்சுகள், அங்கே செய்முறைத் தேர்வில் தேறிப் பதிவு பெறும்வரை உதவியாளர்களுக்குரிய வேலையைத்தான் செய்கிறார்கள். போன புதிதில் இவர்களுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருப்பது நோயாளியைக் குளிப்பாட்டித் துடைப்பதும் நர்சின் பொறுப்பில் வருவதுதான். நம் ஊரில் அதை அட்டெண்டர் செய்துவிடுவார், அதாவது கூடத் தங்கியிருக்கும் மகளோ மருமகளோ அண்ணனோ. ஊட்டிவிடுவது, பெட்பேன் வைப்பது, டிரிப் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாமே சொந்தக்காரர்களின் வேலையாக இங்கே நிலைத்துவிட்டது. யாருமில்லாமல் தனியாக வந்து படுப்பவரின் நிலைமையை விவரிக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஆண், பெண் செவிலிய உதவியாளர் என்ற பணியிடங்கள் உண்டு. ஆனால் இன்று வார்டில் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவர்களிலும் ஸ்ட்ரெச்சரைப் பிடிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். தனியார் மருத்துவமனைகளிலும் இந்தப் போக்கு பரவிவிட்டது. இப்படி வேலை செய்பவருக்குச் சம்பளம் தருவது ஒப்பந்தக்காரர், வருகைப் பதிவு ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசரிடம், வேலை வாங்குவது வார்டு சிஸ்டர். இன்று பிரசவ வார்டு, நாளை எலும்பு முறிவு வார்டு, அதற்கடுத்த நாள் ஓ.பி. என்று சூப்பர்வைசர் மாற்றிப்போட்டுக்கொண்டே இருந்தால், ஒரு நோயாளியை நேற்றும் இன்றும் சேர்த்துப் பார்க்க அவருக்கு வழியே இல்லை. அவர் பெயர் சிஸ்டருக்குத் தெரியாது, நோயாளியின் பெயர் அவருக்குத் தெரியாது. குழந்தை பிறந்தால் காசு கேட்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள் என்ற புகார் பல காலமாக இருக்கிறது. அது தப்பு, ஏழைகளை வதைக்கிற தப்பு. அதைத் தண்டனையால் மட்டும் நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர்கள், அந்த மனிதர் அந்த வார்டில் யாருக்கும் சொந்தமில்லாத ஆளாக நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பழைய ஆயாம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியும். ஒரே பிரசவ வார்டில் இருபது வருஷம் இருந்தவர், வலி வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே “சிஸ்டர், இந்தப் பொண்ணுக்கு நேரமாயிடுச்சு, வந்து பாருங்க” என்பார். சிஸ்டரும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வருவார், ஏனென்றால் ஆயாம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கை ஒரே இடத்தில், ஒரே ஆட்களோடு, வருஷக்கணக்கில் நின்றதால் வந்தது.

நிரந்தர வேலையும் நியாயமான சம்பளமும் கொடுங்கள் என்பதுதான் முதல் கோரிக்கை, அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. அதற்காகக் காத்திருக்கும்போதே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ஷிஃப்டு மாறும்போது உதவியாளரையும் உட்காரவைத்துப் பேசலாம். ஒரு நர்ஸ், ஒரு உதவியாளர் என்று ஜோடியாகப் படுக்கைகளைப் பிரித்துக் கொடுக்கலாம். ஒருவரை வார்டு மாற்றுவதற்கு முன் அந்த வார்டு சிஸ்டரின் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாம். அடுத்த டெண்டர் விடும்போதே சேர்த்துவிடலாம், அதற்குத் தனியாக நிதி ஒதுக்க வேண்டியதில்லை.